லேசான காற்றில் பிளேனிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்ட்சர்ஃபிங்கில் பலகைமேல் நிற்கவும் பாயைத் தூக்கவும் போய்த் திரும்பவும் பழகியவர்கள் அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தில் ஒருவர் அதே காற்றில் பிளேனிங்கில், அதாவது தண்ணீரின் மேலே வழுக்கிக்கொண்டு, சீறிப் போவார். நாம் தண்ணீரை உழுதுகொண்டு நிற்போம். அந்த இடத்தில் இருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். இங்கே லேசான காற்று என்பது 8 முதல் 13 நாட் வரை. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.

பிளேனிங்கின்போது சரியாக என்னதான் நடக்கிறது?

மெதுவாகப் போகும் போர்டு, தன் எடையும் உங்கள் எடையும் சேர்ந்த அளவுக்குத் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு மிதக்கிறது. போகப்போக முன்னால் ஓர் அலை எழும்புகிறது, பின்னால் ஓர் அலை. இரண்டுக்கும் நடுவே போர்டு சிக்கிக்கொள்கிறது. 2.4 மீட்டர் நீளமுள்ள போர்டுக்கு இது மணிக்கு 7 கி.மீ. வாக்கிலேயே நடந்துவிடும். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் தான் எழுப்பிய முன் அலைமேல் தானே ஏறித் தாண்ட வேண்டும். தாண்டும்வரை தண்ணீரின் தடை கூடிக்கொண்டே போகும். தாண்டிவிட்டால் அடிப்பகுதியில் வந்து மோதும் தண்ணீரே போர்டைத் தூக்கிப் பிடிக்கும், நனையும் பரப்பு சட்டென்று குறையும், போர்டு மேலே வழுக்கிக்கொண்டு ஓடும்.

இதில் முக்கியமான விஷயம், ஏறுவதற்கு வேண்டிய காற்றைவிட ஏறிய பிறகு ஓடுவதற்கு வேண்டிய காற்று குறைவு. பேட்டரி இறங்கிய பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது மாதிரிதான்: அந்தக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் ஆள் பலம் வேண்டும், என்ஜின் பிடித்துக்கொண்டால் அப்புறம் அதுவே ஓடும். ஆகவே லேசான காற்றில் உங்கள் திறமை முழுக்கச் செலவாக வேண்டியது ஐந்தாறு விநாடிக்குத்தான். கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்த ஐந்தாறு விநாடியைப் பற்றியவை.

எத்தனை நாட் காற்று இருந்தால் போர்டு பிளேனிங்கில் கிளம்பும்?

எடை, பாய், போர்டு மூன்றையும் பொறுத்தது. 75 கிலோ எடையுள்ள ஒருவர், 8.5 சதுர மீட்டர் பாய், 80-85 செ.மீ. அகலமுள்ள ஃப்ரீரைட் (பொதுப் பயன்பாட்டு) போர்டு என்று வைத்துக்கொண்டால், நன்றாகப் பம்ப் செய்யத் தெரிந்தவர், அதாவது பாயை இழுத்து இழுத்து விட்டு விசை கூட்டத் தெரிந்தவர், 10-11 நாட்டில் கிளம்பிவிடுவார். பம்ப் செய்யாமல் நிற்பவர் 13 நாட்டுக்குக் காத்திருப்பார். கேட்க இரண்டு நாட் வித்தியாசம் சின்னதாக இருக்கலாம். ஆனால் கடற்கரையில் ஒரு சாயங்காலம் முழுக்க வீசும் காற்று இந்த இரண்டு நாட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 8 நாட் காற்று 12 ஆகும்போது வேகம் ஒன்றரை மடங்கு, பாயில் விழும் விசை இரண்டேகால் மடங்கு. அதனால்தான் காற்று சற்று நேரம் வலுக்கும் ஒரு சின்ன வீச்சு வந்தாலும் அதை வீணாக்கக் கூடாது.

ஆப் 11 நாட் காட்டியது. தண்ணீரில் இறங்கினால் ஒன்றுமே இல்லையே?

வானிலைக் கணிப்பில் வரும் எண் 10 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றுக்கானது. உங்கள் பாயின் நடுப்பகுதி இருப்பது இரண்டு, இரண்டரை மீட்டர் உயரத்தில். அங்கே காற்று குறைவுதான். தவிர, அது சராசரி. 11 என்றால் நடுநடுவே 8, நடுநடுவே 14 என்றும் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பாய் அளவுக்கான அட்டவணைகள், வீடியோக்கள் பலவும் ஐரோப்பாவிலிருந்து வருபவை. 30 டிகிரி வெப்பத்தில் காற்று, 5 டிகிரிக் காற்றைவிடச் சுமார் 8 சதவீதம் அடர்த்தி குறைந்தது. அதே 11 நாட் நம் ஊர் வெயிலில் கொஞ்சம் ‘மெலிந்த’ காற்றாகத்தான் பாயில் விழும். அட்டவணை சொல்லும் அளவுக்கு ஒரு படி மேலே போவதில் தப்பில்லை.

எந்த ஆப்பையும்விடத் தண்ணீரைப் பார்ப்பது நல்லது. கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் காற்று 10 நாட்டை ஒட்டி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரிய பாய் வாங்கினால் பிரச்சினை தீருமா?

ஓரளவுக்குத் தீரும். அதற்கு மேல் பிரச்சினை கூடும். பாய் பெரிதாக ஆக மாஸ்ட் (பாய்மரம்) நீளம், பூம் (கையால் பிடிக்கும் கம்பி) நீளம், மொத்த எடை எல்லாம் கூடுகின்றன. 55 கிலோ எடையுள்ளவர் 9.5 பாயைத் தூக்கிக்கொண்டு நின்றால் பம்ப் செய்யவே முடியாது. அவர் 7.0 பாயோடு முன்னாலேயே கிளம்பிவிடுவார். 90 கிலோக்காரருக்கு அதே 9.5 சரியான பாய்.

என்னைக் கேட்டால், புதிதாக ஒரு பெரிய பாய்க்குப் பணம் செலவழிக்கும் முன் இருக்கிற பாய்க்கு ஒரு நல்ல மாஸ்ட் வாங்கச் சொல்வேன். கார்பன் பங்கு கூடிய மாஸ்ட் எடை குறைந்தது. வளைந்தால் சட்டென்று நிமிரும். பம்ப் செய்யும்போது அந்த நிமிர்ச்சிதான் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் விசை. மலிவான கனத்த மாஸ்டில் நீங்கள் போடும் உழைப்பில் பாதி மாஸ்டை ஆட்டுவதிலேயே போய்விடும்.

கேம்பர் (மாஸ்டைக் கவ்விப் பாயின் வளைவைக் காக்கும் துண்டு) வைத்த பாயா, இல்லாததா என்றும் கேட்கிறார்கள். கேம்பர் பாய் காற்று தணியும்போதும் உருவம் கலையாமல் நிற்கும், ஏறிய பிறகு நன்றாக ஓடும். கேம்பர் இல்லாத பாய் லேசானது, பம்ப் செய்யச் சுகம். பந்தயத்துக்குப் போகாதவருக்கு இரண்டாவதே போதும்.

போர்டில் லிட்டரைப் பார்ப்பதா, அகலத்தைப் பார்ப்பதா?

அகலத்தை, அதிலும் பின்பகுதியின் அகலத்தை. லிட்டர் என்பது நின்றுகொண்டிருக்கும்போது உங்களை மிதக்க வைக்கும் கணக்கு. ஏறும் நேரத்தில் வேலை செய்வது தண்ணீரில் பதிந்திருக்கும் தட்டையான பரப்பு. ஒடுக்கமான 140 லிட்டர் போர்டைவிட அகலமான 125 லிட்டர் போர்டு முன்னதாகக் கிளம்பும்.

இதன் எல்லை எது என்று பார்க்க ஃபார்முலா விண்ட்சர்ஃபிங் என்ற பந்தய வகைப் போர்டுகளைப் பாருங்கள்: கிட்டத்தட்ட 1 மீட்டர் அகலம், பின்பகுதிக்கு அடியில் துடுப்புப் போல நிற்கும் 70 செ.மீ. ஃபின், 12.5 சதுர மீட்டர் வரை பாய். 7-8 நாட்டிலேயே ஏறிவிடும். அதைக் காரில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோவது தனி வேலை.

ஃபின் மாற்றினால் வித்தியாசம் தெரியுமா?

நன்றாகத் தெரியும். செலவு குறைந்த மாற்றமும் இதுதான். பெரிய ஃபின் பக்கவாட்டில் நழுவுவதைத் தடுப்பதோடு போர்டின் பின்பகுதியைத் தூக்கியும் கொடுக்கிறது. 8.5 பாயோடு 80-85 செ.மீ. போர்டுக்கு 46 முதல் 50 செ.மீ. வரை வைத்துப் பார்க்கலாம்.

இடத்தையும் பாருங்கள். பாக் நீரிணைப் பக்கம் தண்ணீர் ஆழம் குறைவு, கடற்புல் ஏராளம். அங்கே நீளமான நேர் ஃபின் போட்டால் ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை இறங்கிப் புல்லைக் கழற்ற வேண்டியிருக்கும். பின்னோக்கிச் சாய்ந்த, புல் வழுக்கிவிடும் ஃபின்தான் அங்கே சரிப்படும். முழங்கால் தண்ணீரில் ஏறி நிற்கவும் கூடாது. தொடை தாண்டும்வரை நடந்து போய்விடுங்கள்.

லேசான காற்றுக்குப் பாயை எப்படிக் கட்டுவது?

நிறையப் பேர் டவுன்ஹாலை (பாயை மாஸ்டின் அடிக்கு இழுக்கும் கயிற்றை) தளர்த்திவிடுகிறார்கள், பாய்க்கு வயிறு வரும் என்று. வயிறு வரும்தான். ஆனால் அது பின்னால் நகர்ந்து வரும், பின் கையில் மட்டும் கனம் ஏறும், போர்டு முன்னே போகாமல் பக்கவாட்டில் தள்ளும். பாயின் மேல்பகுதியில் லீச் (பாயின் பின் ஓரம்) எவ்வளவு தளர்ந்து தொங்க வேண்டும் என்று பெரும்பாலான பாய்களில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டு குறி போட்டிருப்பார்கள். லேசான காற்றுக்குக் குறைந்தபட்சக் குறி வரை இழுங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம்.

தளர்த்த வேண்டியது அவுட்ஹாலை, அதாவது பாயைப் பூமின் பின்முனைக்கு இழுக்கும் கயிற்றை. காற்று பிடித்த நேரத்தில் பாய் பூமைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. பம்ப் செய்யும்போது கொஞ்சம் தொட்டாலும் பரவாயில்லை.

பூமை உயர்த்திக் கட்டுங்கள். போர்டில் நின்றால் மோவாய் உயரம், பெரிய பாய்க்கு இன்னும் கொஞ்சம் மேலே. உயரமான பூமில் தொங்கும்போது உங்கள் எடை போர்டின் பின்பகுதியை விட்டு மாஸ்ட் அடிக்குப் போகிறது. மாஸ்ட் பேஸை (மாஸ்ட் போர்டோடு சேரும் அடியை) அதன் தடத்தின் நடுவில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், அதில் கிடைக்கும் ஆதாயம் மற்றவற்றோடு ஒப்பிட்டால் சின்னது.

வீச்சு வருவதை எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது?

காற்று வரும் பக்கம் திரும்பிப் பாருங்கள். வீச்சு விழும் இடத்தில் தண்ணீர் கருத்துத் தெரியும், மேலே நெருக்கமான சிற்றலை ஓடும். அந்தக் கருமை நகர்ந்து வரும். அது உங்களைத் தொட்ட பிறகு தயாராக ஆரம்பித்தால் பாதி வீச்சு வீணாகிவிடும். சின்ன வீச்சு எட்டு பத்து விநாடிக்கு மேல் நிற்காது. ஆகவே அது வந்து சேரும் முன்பே காலை ஒழுங்காக வைத்து, போர்டுக்குக் கொஞ்சம் ஓட்டம் கொடுத்து, பாயை நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். நடுவில் வரும் சோம்பலான நேரத்தில் பம்ப் செய்து கையைச் சோர வைக்காதீர்கள்.

நல்ல சவாரிக்காரர்களைக் கரையிலிருந்து கவனித்தால் இது தெரியும். மற்றவர்கள் பாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவர்கள் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள்.

வீச்சு வந்துவிட்டது. முதல் வேலை என்ன?

போர்டின் மூக்கைக் காற்று போகும் பக்கம் திருப்புவது. காற்றுக்குச் சரியாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தால் 20-30 டிகிரி அளவுக்குக் கீழே இறக்குங்கள். பாயை முன்னாலும் காற்று வரும் பக்கமும் சாய்த்து, முன் காலை அழுத்தினால் மூக்கு இறங்கும். அந்தத் திசையில் பாய் இழுக்கும் விசையில் பெரும்பங்கு போர்டை முன்னே தள்ளுகிறது, பக்கவாட்டு அழுத்தம் குறைகிறது.

காற்று போகும் பக்கம் நழுவிவிடுவோமோ என்ற பயத்தில் எல்லாரும் காற்றை முட்டிக்கொண்டே பிளேனிங்கில் ஏற முயல்வார்கள். அது நடக்காது. ஏறும்போது இழக்கும் இருபது முப்பது மீட்டரை, வேகம் வந்த பிறகு ஒரு நிமிடத்தில் திரும்பப் பிடித்துவிடலாம்.

அதே சமயம் பாயை முழுக்க இழுத்து மூடாதீர்கள். மெதுவாகப் போகும்போது காற்று பக்கவாட்டிலிருந்து வருகிறது, பாய் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். வேகம் கூடக்கூட, நீங்கள் உணரும் காற்று முன்பக்கமாக நகரும். அதற்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரலாம். முதலிலேயே மூடிவிட்டால் பாயின்மேல் காற்று ஒட்டி ஓடாமல் பிய்ந்துவிடும். கை கனக்கும், போர்டு நகராது. கனத்தை விசை என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

பம்பிங்கை எப்படிச் செய்வது?

கையால் மட்டும் பாயை விசிறுவது பம்பிங் இல்லை. காற்றை ஒருமுறை வாரி எடுத்து, அந்த விசையை மாஸ்ட் அடி வழியாகவும் கால் வழியாகவும் போர்டுக்குக் கொடுப்பதுதான் பம்பிங்.

ஹார்னஸ் (உடம்பில் கட்டும் கொக்கி வைத்த பட்டை) பூம் கயிற்றில் மாட்டியிருந்தால் கொக்கியை விடுவித்துக்கொள்ளுங்கள். கைகளைத் தோள் அகலத்தைவிடக் கூடுதலாக அகற்றிப் பிடியுங்கள். கை நீட்டி, பாயை முன்னாலும் உங்களைவிட்டு விலக்கியும் விடுங்கள். அங்கிருந்து உடம்பின் எடையைப் பின்னால் போட்டு, இரண்டு கையாலும் பாயை உங்களை நோக்கி இழுங்கள், பின் கை கொஞ்சம் கூடுதலாக. முன் கால் விறைப்பாக நிற்க வேண்டும். இழுத்த விசை அந்தக் கால் வழியாகத்தான் போர்டை முன்னே தள்ளுகிறது. முன் முழங்கால் மடிந்தால் அத்தனையும் தண்ணீரில் கரைந்துவிடும். இழுத்து முடித்ததும் பாயைச் சட்டென்று விடுங்கள், ஆனால் படபடவென்று அடிக்கும் அளவுக்கு விடாதீர்கள். பாயில் காற்று கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த இழுப்பு தொடங்க வேண்டும்.

தாளம் முக்கியம். முதல் இரண்டு இழுப்பு நீளமாகவும் ஆழமாகவும் இருக்கட்டும். போர்டு நகர நகர இழுப்பைக் குறுக்கி வேகப்படுத்துங்கள். இழுக்கும் நொடியில் உங்கள் எடை பூமில் தொங்குகிறது, போர்டு இலேசாகிறது. அப்போதுதான் அது தன் முன் அலைமேல் ஏறும். ஆறு எட்டு இழுப்பில் ஏறவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். இருபது முறை ஆட்டினாலும் அந்த வீச்சில் அது ஏறப்போவதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள்.

போர்டு பக்கவாட்டில் சாயாமல் தட்டையாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இழுக்கும் வேகத்தில் குதிகாலை ஊன்றினால் ஓரம் தண்ணீரில் அமிழும், ஏற வேண்டிய போர்டு நின்றுவிடும்.

ஹார்னஸ் எப்போது மாட்டுவது?

போர்டு ஏறிவிட்டது என்று தெரிந்த உடனே, போர்டின்மேல் உள்ள ஸ்ட்ராப்பில் (பாதப் பட்டையில்) கால் நுழைக்கும் முன். ஹார்னஸில் கனமாகத் தொங்கினால் உங்கள் எடை பூம் வழியாக மாஸ்ட் அடிக்கு இறங்கி, மூக்கைக் கீழே அழுத்திப் பிடிக்கும். கால்கள் லேசாகும், நகர்த்துவது சுலபமாகும். பெரிய பாய்க்கு இடுப்பு ஹார்னஸைவிட உட்காரும் வகை ஹார்னஸ் வசதி. கயிறு 28-32 அங்குலம். மாட்டியபின் பின் கையை மட்டும் எடுத்துப் பாருங்கள். பாய் திறந்துகொண்டால் கயிறுகளைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்த வேண்டும்.

எல்லாம் செய்கிறேன். பின்னால் நகர்ந்ததும் போர்டு அமிழ்ந்து நின்றுவிடுகிறது. ஏன்?

சீக்கிரம் நகர்கிறீர்கள். லேசான காற்றில் முக்கால்வாசிப் பேர் தோற்பது இந்த ஓர் இடத்தில்தான்.

ஏறும்வரை முன் கால் மாஸ்ட் பேஸுக்குப் பக்கத்தில், விரல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பின் கால் போர்டின் நடுக்கோட்டை ஒட்டி, முன் ஸ்ட்ராப்புகளுக்குக் கொஞ்சம் முன்னால். இந்த நிலை சங்கடமாகத்தான் இருக்கும், முன்னால் கவிழ்ந்துவிடுவோமோ என்று தோன்றும். பொறுங்கள்.

எப்போது நகர்வது என்று போர்டின் ஓரத்தைப் பார்த்தால் தெரியும். மெதுவாகப் போகும்போது ஓரத்திலிருந்து தண்ணீர் பிரியும் இடம் மாஸ்டுக்கு முன்னால் இருக்கும். வேகம் கூடக்கூட அந்தத் தெறிப்பு பின்னோக்கி நகர்ந்து வரும்: முன் காலுக்கு நேராக வரும், பிறகு முன் ஸ்ட்ராப்புக்கு. கூடவே சத்தமும் மாறும். பின்னால் களக் களக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது நின்று, அடியில் சரசரவென்ற சீரான ஒலி வரும். தெறிப்பு முன் ஸ்ட்ராப்பைத் தாண்டிய பிறகு ஹார்னஸில் தொங்கிக்கொண்டு முன் காலை மெதுவாக நுழையுங்கள். காலில் எடை இருக்கக் கூடாது. குனிந்து பார்க்கவும் வேண்டாம். குனிந்தால் பாய் திறந்துவிடும். அதற்குப் பிறகும் வேகம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பின் கால். சில நாள் காற்றில் பின் கால் கடைசிவரை வெளியே இருப்பதே நல்லது.

ஸ்ட்ராப்புகளை ஓரத்து ஓட்டைகளில் பூட்டியிருந்தால் உள்பக்க ஓட்டைகளுக்கு மாற்றுங்கள். ஓரத்து ஸ்ட்ராப் நல்ல காற்றில் நல்ல வேகத்துக்கானது.

போர்டு தானாகக் காற்று வரும் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறதே?

இரண்டு காரணம். ஒன்று, குதிகால் ஊன்றி ஓரம் அமிழ்ந்திருக்கும். இரண்டு, பாய் பின்னால் சாய்ந்திருக்கும். பந்தய வீரர்களின் படங்களில் பாயின் அடி போர்டைத் தொடும் அளவுக்குச் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நிற்கிறார்கள். அது முழு வேகத்தில் போகும்போது. ஏறும்வரை மாஸ்ட் நிமிர்ந்தே இருக்கட்டும்.

ஏறியாச்சு. காற்று கொஞ்சம் தணிந்ததும் இறங்கிவிடுகிறது. தக்கவைக்க முடியுமா?

முடியும். வீச்சு இருக்கும்போது காற்று வரும் பக்கம் திருப்புங்கள், தணியும்போது காற்று போகும் பக்கம் திருப்புங்கள். உங்கள் பாதை நேர்கோடாக இல்லாமல் நெளிந்து நெளிந்து போக வேண்டும். தணிவு வருவது தெரிந்ததும் மூக்கைச் சில டிகிரி இறக்கி, வெளியே தொங்கிய உடம்பைப் போர்டின்மேல் கொண்டுவந்து நிமிர்ந்து நில்லுங்கள். தேவைப்பட்டால் பின் காலை ஸ்ட்ராப்பிலிருந்து எடுத்து முன்னால் வையுங்கள். ஹார்னஸ் மாட்டியபடியே இடுப்பால் இரண்டு மூன்று குட்டிப் பம்ப் கொடுக்கலாம். ஏறிய போர்டுக்கு அது போதும்.

இந்த நேரத்தில் பின் காலால் ஃபினைப் பலமாகத் தள்ளினால் ஃபினில் காற்று புகுந்து, பின்பகுதி சறுக்கிக்கொண்டு போய்விடும். அப்படி ஆனால் காலின் அழுத்தத்தை எடுத்துவிட்டு மூக்கை இறக்குங்கள், மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அலை உதவுமா, கெடுக்குமா?

பயன்படுத்தத் தெரிந்தால் பெரிய உதவி. பின்னாலிருந்து வரும் அலை பின்பகுதியைத் தூக்கும் நொடியில் போர்டின் மூக்கு சரிவைப் பார்த்திருந்தால், அந்தச் சரிவே இரண்டு பம்புக்குச் சமம். அலை தூக்குவதும் காற்று வீச்சும் சேர்ந்து வரும்போது பம்ப் செய்யுங்கள். அலையின் முதுகில் ஏறிக்கொண்டிருக்கும்போது செய்யும் பம்ப் வீண். எதிரே வரும் குட்டைச் சிற்றலைகள்தான் தொல்லை. அங்கே மூக்கைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கிச் சாய்வாகக் கடந்து போகலாம்.

ஒலிம்பிக்கில் விடாமல் பம்ப் செய்கிறார்களே, நாமும் அப்படிச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். மற்ற பாய்ப்படகுப் போட்டிகளில் பம்பிங் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது. விண்ட்சர்ஃபிங்குக்கு விலக்கு இருந்ததால், 2008 முதல் டோக்கியோ ஒலிம்பிக் வரை ஓடிய ஆர்.எஸ்.எக்ஸ். என்ற போர்டு வகுப்பு கிட்டத்தட்ட உடல் தாக்குப்பிடிக்கும் போட்டியாகவே இருந்தது. ஆண்களுக்கு 9.5 சதுர மீட்டர் பாய், பெண்களுக்கு 8.5. 2008-ல் பந்தயம் நடந்த சீனாவின் சிங்தாவ் காற்று குறைவுக்கும் நீரோட்டத்துக்கும் பேர்போன இடம். அங்கே ஆண்கள் பிரிவில் நியூசிலாந்தின் டாம் ஆஷ்லியும் பெண்கள் பிரிவில் சீனாவின் யின் ஜியானும் தங்கம் வென்றார்கள். பாய்ப்படகுப் போட்டியில் சீனாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம்.

அவர்கள் பல நேரம் பம்ப் செய்தது பிளேனிங்குக்காகக்கூட இல்லை. ஏற முடியாத காற்றில் மற்றவரைவிட ஒரு முழம் முன்னே போக. நமக்கு அந்த அவசியம் இல்லை. அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இழுப்பின் வடிவத்தை. மெதுவாக்கி ஓடவிட்டுப் பாருங்கள், கை வேலையைவிட இடுப்பு வேலையும் கால் வேலையும்தான் அதிகம் தெரியும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஃபாயில் வாங்கிவிடலாமா?

உங்கள் இடத்தில் பெரும்பாலான நாள் 10 நாட்டுக்குக் கீழேதான் என்றால் நேர்மையான பதில்: வாங்கலாம். தண்ணீருக்கடியில் சிறகு வைத்த ஃபாயில், 6 சதுர மீட்டர் வாக்கில் பாயோடு 7-8 நாட்டிலேயே தூக்கிவிடும். 2024-ல் மார்செயில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்திலிருந்து ஐக்யூஃபாயில் என்ற ஃபாயில் வகுப்புதான் அங்கேயும். ஆனால் ஃபாயிலின் தண்டு 75 செ.மீ.க்கு மேல். ஆழம் குறைந்த, புல் நிறைந்த தண்ணீரில் அதை இறக்க முடியாது. விழுந்தால் அடி படும், ஹெல்மெட் கட்டாயம். ஃபாயிலிலும் ஏறப் பம்ப் வேண்டும், இழுப்பு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் பழகலாமா? தண்ணீர் தட்டையாக இருக்கிறதே.

பழகாதீர்கள். தண்ணீர் தட்டையாக இருப்பதே காற்று கரையிலிருந்து வருவதால்தான். நம் கிழக்குக் கடற்கரையில் அதிகாலையில் நிலக்காற்று கடலைப் பார்த்து வீசும். மீனவர்கள் அந்தக் காற்றில் வெளியே போய், பிற்பகல் கடல்காற்றில் திரும்பி வந்த வழக்கம் இதனால்தான். சென்னைப் பக்கம் ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று ஓங்கி, கடல்காற்று தாமதமாக வருவதும் உண்டு. அது வந்த பிறகு இறங்குங்கள்.

லேசான காற்று என்றாலே எந்த நேரத்திலும் நின்றுபோகக்கூடிய காற்று. நின்றுவிட்டால் பாயைப் போர்டின் பின்பகுதியில் கிடத்தி, போர்டில் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போட்டு வாருங்கள். பெரிய பாய் இழுத்துக்கொண்டு வர விடவில்லை என்றால் பாயைக் கழற்றிவிடலாம். போர்டை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டு நீந்தாதீர்கள். உதவி வேண்டுமென்றால் போர்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலே தூக்கித் தூக்கி இறக்குங்கள். அது எல்லா நாட்டிலும் செல்லும் ஆபத்துச் சைகை. இறங்கும் முன் கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.